வாயில்லா ஜீவனை யாரை நம்பி விடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாயோ பூனையோ முயலோ, வீட்டுப் பிராணியை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் திரும்பும்போது நமக்குப் பின்னால் கதவு மூடுகிறது. உள்ளே என்ன நடந்தது என்று அது வந்து சொல்லப்போவதில்லை. குழந்தையாக இருந்தால் அழுதுகொண்டாவது எதையேனும் சொல்லிவிடும். வாயில்லா ஜீவனுக்கு அந்த வழியும் இல்லை. மருத்துவர், காப்பகம், முடி திருத்துபவர், பயிற்சியாளர், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்பவர் என்று இத்தனை பேரில் யாரை நம்புவது என என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். பல வருடங்களாக நாய், பூனை வளர்த்ததிலும், சில முறை பட்டுத் தெரிந்துகொண்டதிலும் எனக்குக் கிடைத்த பதில்கள் இவை.

கேள்வி: எல்லாரிலும் முதலில் யாரைத் தேட வேண்டும்?

கால்நடை மருத்துவரை. அதுவும் பிராணி நலமாக இருக்கும்போதே தேட வேண்டும். நள்ளிரவில் நாய் வயிறு உப்பித் துடிக்கும்போது கைக்குக் கிடைத்தவரிடம்தான் ஓட முடியும். அந்த நேரத்தில் நல்லவரா கெட்டவரா என்று ஆராய யாருக்கும் மனம் வராது. தடுப்பூசிக்கோ எடை பார்க்கவோ ஒரு முறை போய் வந்தால், அந்த இடம் எப்படிப்பட்டது என்பது பாதி புரிந்துவிடும். இரவிலும் விடுமுறை நாளிலும் அவசரத்துக்கு எங்கே போக வேண்டும் என்பதை அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லும் மருத்துவர் அதைப் பற்றி முன்பே யோசித்திருக்கிறார் என்று பொருள்.

கேள்வி: நல்ல மருத்துவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் முதலில் பார்ப்பது கையை. பிராணியை மேசையில் தூக்கி வைத்ததும் ஊசியை எடுக்கிறாரா, அல்லது அது மூச்சை நிதானப்படுத்திக்கொள்ளும் வரை பொறுத்துப் பிறகு தொடுகிறாரா? எடை பார்த்தாரா? வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் பார்த்தாரா? வயிற்றை அழுத்திப் பார்த்தாரா? காய்ச்சல் என்று சொல்லி அழைத்துப் போனால் வெப்பநிலையை அளந்தாரா? நாய்க்கு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு; மனிதனைவிடச் சூடான உடம்பு. கையால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டுவது மருத்துவம் ஆகாது.

அடுத்தது பேச்சு. எந்த மருந்து, எதற்கு, எத்தனை நாள், என்ன ஆனால் உடனே திரும்பி வர வேண்டும் என்ற நான்கையும் நாம் கேட்காமலே சொல்பவர் நல்லவர். “இது எனக்குப் பிடிபடவில்லை, இன்னொருவரிடம் காட்டலாம்” என்று சொல்லத் தயங்காதவர் இன்னும் நல்லவர். கிளி, முயல், ஆமை வளர்ப்பவர்கள் இதை நேரடியாகவே கேட்டுவிட வேண்டும்: “இந்த இனத்தை வழக்கமாகப் பார்க்கிறீர்களா?” நாய், பூனைகளுக்குக் கைராசிக்காரராக இருப்பவருக்குக் கிளியைப் பிடிக்கத் தெரியாமல் இருக்கலாம். அதில் அவருக்கு இழுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: அறுவை சிகிச்சை என்கிறார்கள். என்ன கேட்பது?

நான்கு கேள்விகள் போதும். மயக்கம் கொடுக்கும்முன் ரத்தப் பரிசோதனை உண்டா? நரம்பில் ஊசிக்குழாய் போட்டு வைப்பீர்களா? மயக்கத்தில் இருக்கும்போது இதயத்துடிப்பையும் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கவனிப்பதற்கென்றே தனியாக ஒருவர் இருப்பாரா? முடிந்த பிறகு, கண் விழிக்கும் வரை பக்கத்தில் யார் இருப்பார்?

இந்த நான்காவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் முதன்மையானது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை தொகுத்து 2008இல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்றில், மயக்க மருந்து தொடர்பான இறப்பு நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24 சதவீதம், முயல்களில் 1.39 சதவீதம் என்று கண்டார்கள். நலமாக இருந்த நாய்களில் 0.05 சதவீதம்தான். ஆகவே பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இறப்புகளில் நாய்களில் ஏறத்தாழப் பாதியும், பூனை, முயல்களில் பாதிக்கு மேலும் கத்தி வைக்கும்போது நிகழவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, அதிலும் முதல் மூன்று மணி நேரத்தில் நிகழ்ந்தவை அதிகம். மேசையிலிருந்து இறக்கிக் கூண்டில் கிடத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும் இடமா, கம்பளி போர்த்தி அருகில் ஒருவர் உட்காரும் இடமா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இன்னொன்று. நாய்க்கும் பூனைக்கும் மயக்கத்துக்கு முன் சில மணி நேரம் உணவு தரக்கூடாது. முயலுக்கு அப்படி இல்லை. அதற்கு வாந்தி எடுக்கவே வராது. பட்டினி போட்டால் குடல் நின்றுபோகும். முயலையும் இரவு முழுக்கப் பட்டினி போட்டுக் கொண்டுவாருங்கள் என்று ஒருவர் சொன்னால், நான் அவரிடம் முயலைத் தர மாட்டேன்.

கேள்வி: இணையத்தில் நட்சத்திரம் நிறைய வாங்கிய இடத்தை நம்பலாமா?

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், குறைகூறிய பதிவுகளைப் படியுங்கள். அதைவிட, அந்தக் குறைக்கு அவர்கள் எழுதிய பதிலைப் படியுங்கள். “அந்த நாய் மூர்க்கமானது, எங்கள் மேல் தப்பில்லை” என்று எகிறுபவர் நாளை உங்களையும் அப்படித்தான் பேசுவார். என்ன நடந்தது, அதன்பின் எதை மாற்றினோம் என்று எழுதுபவரிடம் ஒரு முறை போய்ப் பார்க்கலாம். எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது, ஒரே இடத்துக்குப் பல வருடங்களாகப் போய்வரும் ஒருவரிடம் கேட்பது. “அங்கே ஏதாவது தப்பு நடந்ததா? நடந்தபோது என்ன செய்தார்கள்?” என்று கேளுங்கள். “நல்ல இடமா?” என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி: காப்பகத்தைப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

சொல்லாமல் போக முடிந்தால் சொல்லாமல் போங்கள். முதலில் வரவேற்பது வாசனை. பிராணிகள் இருக்கும் இடத்தில் பிராணி வாசம் வரத்தான் செய்யும். ஆனால் கண் எரியும் அளவுக்குச் சிறுநீர் நெடி அடித்தால் கழுவுவதில்லை என்று பொருள். மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியம் அடித்தால் எதையோ மறைக்கிறார்கள்.

கழுவும் முறையைக் கேளுங்கள். நாய்களைக் கொல்லும் பார்வோ வைரஸ் 1978இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு உலகம் முழுக்கப் பரவியது. மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணத் தரை கழுவும் திரவங்கள் பல அதை ஒன்றும் செய்வதில்லை. முதலில் அழுக்கை வழித்துக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச்சின் வலு போய்விடும். இதை ஒரு காப்பகத்தில் கேட்டபோது, கூண்டு கழுவும் பையன் கையில் வாளியோடு நின்று, எந்த வரிசையில் செய்கிறோம் என்று எனக்குச் சொல்லிக்காட்டினான். மேலாளரின் அரைமணி நேரப் பேச்சில் வராத நம்பிக்கை அந்த வாளியில் வந்தது.

பிறகு அங்கே இருக்கும் பிராணிகளைப் பாருங்கள். சில நாய்கள் குரைக்கும், அது இயல்பு. பணியாளர் நடந்து வரும்போது அவை முன்னால் வருகின்றனவா, மூலைக்குப் போகின்றனவா? பகலில் ஒரு நாயாவது கால் நீட்டித் தூங்குகிறதா? இரவில் யார் தங்குகிறார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் மாலை விளக்கணைத்துவிட்டால் மறுநாள் காலை வரை மனிதர் யாரும் இருப்பதில்லை. கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள், ஆனால் நாம்தான் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் நான் கேட்கத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை ஐந்து நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. படத்தில் பார்த்துப் பிடித்துப்போன ஓர் இடத்தில் என் நாயை விட்டேன். திரும்பி வந்தபோது, “நன்றாக இருந்தான், ஒரு தொந்தரவும் இல்லை” என்றார்கள். வண்டியில் ஏற்றியதும் என் மடியில் தலையை வைத்தான். அப்போதுதான் பார்த்தேன். மூக்கின் மேல்புறம் தோல் உரிந்து, காய்ந்த ரத்தம் கோடாக இருந்தது. கம்பிக்கு இடையில் மூக்கை நுழைத்து நுழைத்துத் தேய்த்திருக்கிறான். வயிற்றுப் பக்கத்து முடி மஞ்சளாகிச் சிறுநீர் வாடை அடித்தது, அதிலேயே படுத்திருக்கிறான். ஐந்து நாளில் ஒருவராவது அவன் முகத்தை நேராகப் பார்த்திருந்தால் அந்தக் காயம் தெரிந்திருக்கும். எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம், ஏனென்றால் அந்தக் கதவு வரை அவனை அழைத்துப் போனது நான்.

கேள்வி: பாதுகாப்புக் காரணமாக உள்ளே விட மாட்டோம் என்கிறார்களே?

சில நேரம் அது நியாயம். தெரியாத ஆள் உள்ளே வந்தால் பயந்த நாய்கள் மிரளும், தொற்றும் வரலாம். அப்படியென்றால் ஒரு நேரம் குறித்துக் கொடுக்கட்டும், கண்ணாடி வழியாகக் காட்டட்டும், காணொளியில் இந்த நிமிடம் இருப்பதைக் காட்டட்டும். இவற்றில் எதற்குமே சம்மதிக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கேள்வி: தடுப்பூசிச் சான்று கேட்டு அலைக்கழிக்கிறார்கள். தேவையா?

கேட்கும் இடத்துக்கே போங்கள். உங்களிடம் கேட்பவர்கள் பக்கத்துக் கூண்டு நாயின் உரிமையாளரிடமும் கேட்டிருப்பார்கள். வெறிநோய், பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய் ஆகியவற்றுக்கான ஊசிகள் அடிப்படை. பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகளைக் குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும் வரை சில வாரங்களுக்கு ஒரு முறை போட வேண்டும். அதற்கு முன் பல நாய்கள் கூடும் காப்பகத்தில் விடுவது ஆபத்து. காப்பகங்களில் வேகமாகப் பரவும் கென்னல் இருமலுக்கும் தடுப்பு மருந்து உண்டு. விடுவதற்கு முந்தைய நாள் போட்டால் பயனில்லை, உடம்பு தயாராகச் சில நாள்கள் வேண்டும். ஆகவே பயணம் முடிவானதுமே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பூனைகளுக்குப் பார்வோவின் உறவான வைரஸால் வரும் பேன்லூக்கோபீனியா நோய்க்கான ஊசி கட்டாயம்.

கேள்வி: பூனையைக் காப்பகத்தில் விடலாமா?

முடிந்தால் வேண்டாம். நாய் ஆளோடு போகும், பூனை இடத்தோடு வாழும். இடம் மாறினால் பல பூனைகள் சாப்பாட்டை நிறுத்திவிடும். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள ஒருவர் கிடைத்தால் அதுவே நல்லது. காப்பகம்தான் வழி என்றால், நாய் குரைப்பு எட்டாத தனி அறையும் ஒளிந்துகொள்ளப் பெட்டியும் இருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டுக்கு வருபவரை எப்படிச் சோதிப்பது?

சாவி கொடுக்கும்முன் நீங்கள் இருக்கும்போதே இரண்டு முறை வரச் சொல்லுங்கள். வந்ததும் பூனையைத் தூக்கிக் கொஞ்சுபவர் அன்பானவராக இருக்கலாம், ஆனால் பூனையை அறிந்தவர் அல்ல. தரையில் உட்கார்ந்து, அதைப் பார்க்காதவர் போல உங்களோடு பேசிக்கொண்டிருந்து, அது தானாக வந்து முகரும் வரை கையை மடியிலேயே வைத்திருப்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மணல் தட்டில் ஈரமே இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?” ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். தட்டை வெறுமனே சுத்தம் செய்பவருக்கு ஈரம் இல்லாதது வேலை மிச்சம். விஷயம் தெரிந்தவர் உடனே உங்களுக்கும் மருத்துவருக்கும் போன் செய்வேன் என்பார். முயலாக இருந்தால், அரை நாள் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருப்பது அவசரம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பறவை இருக்கும் வீட்டில் ஒட்டாத பூச்சுப் பாத்திரத்தை அடுப்பில் காயவிடக்கூடாது; அந்தப் புகை பறவைகளை நிமிடங்களில் கொல்லும். இதைச் சுவரில் எழுதியே ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: முடி திருத்தும் இடத்தில் என்ன ஆபத்து வந்துவிடப்போகிறது?

உலர்த்தும் பெட்டி. குளிப்பாட்டிய நாயைக் கூண்டில் அடைத்துச் சூடான காற்றை ஊதவிட்டுப் போய்விடுவார்கள். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்த்துக்கொள்ள வேண்டும். சுற்றிலும் சூடான காற்று இருந்தால் அதற்கு வழியில்லை. உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். “பெட்டியில் வைத்து உலர்த்துவீர்களா? வைத்தால் யார் பக்கத்தில் இருப்பார்?” என்று கேளுங்கள். கையால் உலர்த்துங்கள், நேரமானாலும் காத்திருக்கிறேன் என்று நான் சொல்லிவிடுவேன்.

பூனையைக் கொண்டுபோனால் உண்ணிக்கு எந்த மருந்து போடுகிறார்கள் என்று பெயர் கேளுங்கள். நாய்க்கான சில மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். “சின்ன அளவுதான்” என்ற பதிலை ஏற்காதீர்கள். முடி சிக்குப் பிடித்திருந்தால் “மழித்துத்தான் ஆக வேண்டும், இழுத்துச் சீவினால் வலிக்கும்” என்பவர் உண்மையைச் சொல்கிறார். அழகு போனாலும் அவரையே நம்புங்கள்.

கேள்வி: “நீங்கள்தான் தலைவன் என்று நாய்க்குக் காட்ட வேண்டும்” என்கிறார் பயிற்சியாளர். சரியா?

சரியில்லை. அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷென்கல் எழுதிய ஆய்விலிருந்து கிளம்பிய எண்ணம் அது. ஒன்றுக்கொன்று தெரியாத ஓநாய்களை ஓரிடத்தில் அடைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் விளக்கினார். 92 வீட்டு நாய்களை வைத்து 2020இல் வெளியான ஆய்வொன்று, தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம் மன அழுத்த அறிகுறிகளும், பயிற்சிக்குப் பின் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் உயர்வும் அதிகம் என்று கண்டது.

“நாய் சொன்னதைச் செய்தால் என்ன கொடுப்பீர்கள்? செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள்?” இந்த இரண்டு கேள்விக்கும் தெளிவாகப் பதில் வர வேண்டும். இரண்டாவதற்கு மழுப்பினால், கழுத்தில் மாட்டும் முள்பட்டையோ மின்பட்டையோ எங்கோ மேசைக்கடியில் இருக்கிறது. பயிற்சி முழுவதும் நீங்கள் உடன் இருக்கலாமா என்றும் கேளுங்கள். நாயைப் பல வாரம் தங்களிடம் விட்டுவிட்டால் திருத்தித் தருவோம் என்பவர்களிடம் நான் போவதில்லை. அது பணிந்து திரும்பலாம். பணிந்தது எதனால் என்பது நமக்குத் தெரியாது.

கேள்வி: ஒப்படைக்கும்போது என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

உணவின் அளவும் நேரமும், மருந்து, ஒவ்வாமை, எதற்குப் பயப்படும், மருத்துவரின் எண், உங்களை எட்ட முடியாவிட்டால் முடிவெடுக்கக்கூடிய ஒருவரின் எண். அவசரச் சிகிச்சைக்கு முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் கொடுத்துவிடுங்கள். உங்கள் போனுக்காகக் காத்திருந்து நேரம் போகக்கூடாது. வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் தரக்கூடாது என்றும் எழுதுங்கள். ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். தோலுக்கடியில் அடையாளச் சிப் இருந்தால், அதன் 15 இலக்க எண்ணில் உங்கள் இப்போதைய தொலைபேசி எண்தான் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சிப், பிராணி இருக்கும் இடத்தைக் காட்டாது. வருடிப் படிக்கும் கருவி வைத்திருப்பவரிடம் அது போய்ச் சேர்ந்தால்தான் பயன்.

கேள்வி: பிராணிக்கு அந்த இடம் பிடிக்கவில்லை என்று எப்படித் தெரியும்?

இரண்டாவது முறை போகும்போது தெரியும். வாசலில் காலை ஊன்றிக்கொண்டு நகர மறுப்பது, வாலை இடுக்குவது, பசியில்லாமலே உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் பேச்சுதான். மருத்துவமனை வாசலில் கொஞ்சம் தயங்குவது வேறு. அங்கே ஊசி இருக்கிறது. காப்பகத்து வாசலில் நடுங்குவதைக் கேட்டே ஆக வேண்டும். அழைத்து வந்ததும் மூக்கு, பாதம், காது, வயிறு நான்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். எடை போடுங்கள்.

கேள்வி: தவறு நடந்துவிட்டால்?

உடனே படம் எடுங்கள், அன்றே வேறொரு மருத்துவரிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள், பிறகு அவர்களிடம் போய் நிதானமாகக் கேளுங்கள். தவறே நடக்காத இடம் என்று ஒன்றில்லை. நகம் வெட்டும்போது ரத்தம் வருவதுண்டு, விளையாட்டில் காது கிழிவதுண்டு. நாம் கண்டுபிடிக்கும்முன் அவர்கள் சொன்னார்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

மூக்குக் காயத்துக்குப் பின் நான் தேடிக் கண்டுபிடித்த அம்மா ஒருவர் இருக்கிறார். நான்கைந்து நாய்களுக்கு மேல் எடுக்க மாட்டார். முதல் முறை என் நாயை ஒரே ஓர் இரவு மட்டும் விடச் சொன்னார், பழகட்டும் என்று. அன்று இரவு ஒன்பதரை மணிக்குப் போன் வந்தது. “பயப்படாதீர்கள், ஒன்றும் இல்லை. கிண்ணத்தில் பாதியை விட்டுவிட்டான். வழக்கமா, இல்லை இன்றுதானா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்” என்றார். வழக்கமில்லை என்றேன். “அப்படியென்றால் இன்று என் அறையில் படுக்கட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் காலையில் போனபோது அவன் அவருடைய கட்டிலுக்கடியிலிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு வந்தான். கிண்ணம் காலியாக இருந்தது.